மூன்றாவது வருடமாக வீட்டுக்கு வரும் மிஸ்

என் மகனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்துகளை வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு. எட்டாம் வகுப்பு முடியும் நேரத்தில்தான் பரிசோதித்துச் சொன்னார்கள். அதுவரை ரேங்க் கார்டில் 'கவனம் போதாது' என்று வந்ததை நம்பி நாங்களும் அவனைத் திட்டிக்கொண்டே இருந்தோம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து வீட்டுக்கு ஆள் வரவழைத்துத் தனியாகச் சொல்லித்தருகிறோம். இப்போது பிளஸ் 1.

முதலில் வந்தவர் எங்கள் தெருவில் நல்ல பெயர் எடுத்த டியூஷன் சார். கேள்வி பதிலைப் பத்து முறை எழுதச் சொல்வார். இவன் பத்து முறையும் ஒரே தப்போடு எழுதுவான். நான்கு மாதம் அப்படியே போனது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், தவறான ஆளைத் தேடிப் பிடித்தது நாங்கள்தான். சிறப்புக் கல்வியில் பி.எட். முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (சிறப்புக் கல்வி ஆசிரியர்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பு, RCI) பதிவு செய்தவரைத் தேடியிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். இப்போது வரும் மிஸ் நாங்கள் கேட்கும் முன்பே சொன்னார்.

முதல் மாதம் பாடப்புத்தகத்தையே அவர் திறக்கவில்லை. வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார். 'கொடு' என்பதை இவன் 'கெடு' என்று வாசிப்பான். அவசரம் என்றுதான் நினைத்திருந்தேன். மிஸ் எழுதிக் காட்டினார்: வாயில் முதலில் வருவது 'க்', காகிதத்திலோ கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது. இவன் கண் கொம்பையும் ககரத்தையும் பிடித்துக்கொண்டு காலை விட்டுவிடுகிறது. தமிழ்தானே, சுலபமாக வந்துவிடும் என்று இருந்த எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மணல் பரப்பிய தட்டில் விரலால் எழுதும் பயிற்சி அவனிடம் எடுபடவில்லை. பதினான்கு வயசுப் பையன், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான். அடுத்த வகுப்பில் தட்டு இல்லை. "மேசைக்கு அடியில் தொடையில் எழுதிப் பார், யாருக்கும் தெரியாது" என்றார். அதைச் செய்தான். அட்டையில் ஒரு வரி அளவுக்கு ஜன்னல் வெட்டி, அதை நகர்த்திக்கொண்டே கிரிக்கெட் செய்தி வாசிப்பதும் பிடித்துப்போனது.

ஆனாலும் வாசிக்கும் வேகம் கொஞ்சம்தான் கூடியது. இன்றைக்கும் ஒரு பக்கத்துக்கு வெகுநேரம் ஆகும். அதை மட்டும் எதிர்பார்த்துப் பணம் கொடுப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

எங்களுக்குப் பலன் கிடைத்தது வேறொரு இடத்தில். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இவனுக்குக் கூடுதலாக 1 மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு, சொல்வதை எழுத ஒருவர் என்று சலுகை கிடைத்தது. சான்றிதழோடு பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அந்த அலைச்சல் தனிக்கதை. எழுத ஆள் கிடைத்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பள்ளியில் வைத்த முதல் மாதிரித் தேர்வில் பாதி வினாத்தாள் அப்படியே நின்றது. பதிலைச் சொல்லிவிட்டு நடுவில் மாற்றுவான், "அதை அடிங்க, முதல்ல இருந்து" என்பான். எழுதுபவருக்கும் தலை சுற்றியிருக்கும்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் மிஸ் எழுதுபவராகவே உட்கார்ந்தார். இவன் சொன்னதை மட்டும் எழுதுவார். "புது பத்தி" என்று சொல்லாவிட்டால் ஒரே பத்தியாக ஓடும். கணக்கில் "அடைப்புக்குறி மூடு" என்று மறந்தால் மூடாமலே விடுவார், விடை தப்பாகும். இவனுக்கு எரிச்சல் வரும், அவர் சிரிக்கவும் மாட்டார். பதில் சொல்லும் முன் விரல் விட்டு மூன்று குறிப்புகளை எண்ணிக்கொள்ளும் பழக்கம் அப்படித்தான் வந்தது. பொதுத்தேர்வில் எல்லாப் பாடத்திலும் தேறினான்.

குறைகளும் உண்டு. ஒரு வகுப்புக்கு 600 ரூபாய், மாதம் 12 வகுப்பு வந்தபோது 7,200 ஆனது. எங்கள் வருமானத்துக்கு அது பெரிய தொகை. அவருக்குக் காய்ச்சல் வந்தால் மாற்று ஆள் கிடையாது. ஒரு கட்டத்தில் மிஸ் இல்லாமல் புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்று அடம்பிடித்தான். அவராகவே வாரத்தில் ஒரு நாளைக் குறைத்தார். தன் வருமானத்தைத் தானே குறைத்துக்கொண்ட டியூஷன் ஆசிரியரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. இன்னொன்று, பெற்றவர்கள் பக்கத்தில் உட்காரக் கூடாது. நான் உட்கார்ந்த நாட்களில் பதில் சொல்லும் முன் என் முகத்தைப் பார்ப்பான். காபி வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இப்போது சனிக்கிழமை மட்டும் வருகிறார். போன வாரம் அவர் வர அரை மணி தாமதமானது. எட்டிப் பார்த்தேன். பாடத்தை மொபைலில் ஒலிப்பதிவு செய்து, தன் குரலையே கேட்டுக்கொண்டிருந்தான்.