தலை இடிக்கும் மச்சறை: ஏழு வருடப் புழக்கத்துக்குப் பிறகு

நாத்தனாரைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் மச்சறையில் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு நெற்றியில் புடைப்போடு இறங்கி வந்தார். அதற்குப் பிறகும் சம்பந்தம் முடிந்தது என்றால் அது அவருடைய பெருந்தன்மை. விருந்தாளிகளுக்கு என்று வீட்டில் இருந்தது அந்த ஒரு அறைதான். வந்தவர்கள் எல்லோரும் "நாங்க ஹால்லயே பாய் போட்டுக்கிடுதோம்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்.

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில், வீட்டுக்காரரின் தாத்தா கட்டிய ஓட்டு வீடு எங்களுடையது. மச்சறை என்பது கூரைக்கு நேர் கீழே, இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் அறை. பதினெட்டு அடி நீளம், பதினாலு அடி அகலம். நடு முகட்டில் ஒன்பதரை அடி உயரம், இரண்டு ஓரச் சுவரிலும் மூன்றரை அடிதான். கணக்குப் போட்டால், ஓரத்திலிருந்து மூன்றடி தூரம் வரைக்கும் ஆறடி ஆள் நிமிர முடியாது. போதாததற்கு அறையைக் குறுக்கே கடக்கும் இரண்டு உத்திரங்கள், தரையிலிருந்து ஐந்து அடி எட்டு அங்குலத்தில். பெரியவரை இடித்தது அதில் ஒன்று.

முதலில் செய்த வேலை முட்டாள்தனம். 2012-இல் ஏழரை அடியில் தட்டையாக ஒரு பி.வி.சி. சீலிங் அடித்தோம். அறை பெட்டி மாதிரி ஆனது. ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே மாட்டிக்கொண்ட சூடு ராத்திரி முழுக்க இறங்கியது. இரண்டே மழைக்காலத்தில் அங்கே ஒரு மரநாய் குடும்பமே குடியேறிவிட்டது. நடுச்சாமத்தில் தலைக்கு மேல் அது ஓடும் சத்தத்தைக் கேட்ட என் தம்பி மனைவி, அந்த அறைப் பக்கம் அப்புறம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் எங்களுக்காக முடிவெடுத்தது. தென்னை ஒன்று கூரை மேல் சாய்ந்தது, கால்வாசி ஓடு போனது, சீலிங்கும் கூடவே போனது. எப்படியும் கூரையைத் திறக்க வேண்டும், அப்படியே அறையையும் மாற்றிவிடலாம் என்று 2018 தை மாதம் ஆசாரியைக் கூப்பிட்டோம். எழுபதைத் தாண்டியவர்.

நான் கேட்ட முதல் கேள்வி, அந்த உத்திரத்தை எடுத்துவிடலாமா என்பதுதான். அவர் ஓட்டைத் தாங்கும் சாய்வு மரமான கைமரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மக்களே, அத அறுத்தா கூரை ரெண்டு பக்கமா விரிஞ்சு போவும். செவர வெளிய தள்ளிரும்." கூரையின் பாரம் கைமரங்களைக் கீழேயும் வெளியேயும் தள்ளுகிறது, அந்த உத்திரம்தான் இரண்டு பக்கத்தையும் பிடித்து வைத்திருக்கிறது. சரி, உத்திரம் இருக்கும், மனிதர்கள்தான் அதற்குத் தக்கபடி இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

யோசனை கிடைத்தது பத்மநாபபுரம் அரண்மனையில். வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம், ஆனால் ஊர்க்காரர்கள் விருந்தாளி வந்தால்தான் போவோம். (1956-இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் அரண்மனையை இன்றைக்கும் பார்த்துக்கொள்வது கேரள அரசுதான். நம்மிடம் இருந்திருந்தால் எப்படி இருக்கும் என்று நான் யோசிப்பதில்லை.) ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் மரக் கிராதிக்குப் பக்கத்தில் நிற்கும்போது தோன்றியது, இங்கே எதுவும் நின்றுகொண்டிருப்பவருக்காகச் செய்தது மாதிரி இல்லையே என்று. வாசலில் குனிய வேண்டும், உள்ளே உட்கார வேண்டும். எங்கள் அறையும் அப்படித்தான். அதில் பீரோ, உயரக் கட்டில், மேஜை என்று நிற்கிற சாமான்களை நாங்கள்தான் திணித்து வைத்திருந்தோம்.

அதனால் நடக்கிற பாதையை முகட்டுக்கு நேர் கீழே விட்டோம். கட்டிலை எடுத்துவிட்டு, ஓரச் சுவர்ப் பக்கமாக முக்கால் அடி உயரத்தில் மர மேடை, அதன் மேல் மெத்தை. இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்று. உட்கார்ந்து எழும்போது தலை இடிக்காமல் இருக்க, மேடையைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிப் போட்டோம். அந்த ஒன்றரை அடியில் சக்கரம் வைத்த இழுப்பறைகள். போர்வை, தலையணை, கொசுவலை எல்லாம் அதற்குள் போய்விட்டது. இரும்பு பீரோ கீழே இறங்கியது. முகப்புச் சுவரில் இருந்த உயர ஜன்னலை அடைத்துவிட்டு, தரையிலிருந்து ஒன்றேகால் அடியில் புது ஜன்னல் வைத்தோம். படுத்திருப்பவர் முகத்தில் காற்று படுகிறது. இந்த அறையில் செலவழித்ததில் முழுப் பலன் தந்தது இந்த ஜன்னல்தான்.

ஓடு மாற்றியதில் ஒரு பாடம். மங்களூர் ஓடு எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்திருந்தேன். அடிப்பக்கம் திருப்பினால் ஒவ்வொன்றிலும் செய்த ஆலையின் பெயர் பதிந்திருக்கும். ஒரு ஆலை ஓட்டின் வாய் இன்னொரு ஆலை ஓட்டில் சரியாகக் கவ்வாது. புதிதாக வாங்கியதில் பாதி உட்காரவே இல்லை, முதல் மழையிலேயே ஒழுகியது. கடைசியில் இடித்த வீடுகளின் சாமான் விற்கும் கடையில் அதே பெயர் உள்ள பழைய ஓடுகளைத் தேடிப் பிடித்தோம். எங்களுக்கு வைகாசிப் பாதியில் இடவப்பாதி ஒரு மழை, ஐப்பசி கார்த்திகை ஒரு மழை என்று வருடத்துக்கு இரண்டு பரீட்சை. அதற்குப் பிறகு இரண்டிலும் பாஸ்.

சூட்டுக்கு, கைமரத்தின் அடிப்பக்கம் சரிவோடு சரிவாகப் பலகை அடித்தோம். ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவே நாலைந்து அங்குல இடைவெளி. கூரையின் தாழ்ந்த ஓரமான இறவாணத்தில் காற்று நுழையவும், முகட்டுப் பக்கம் சூடு வெளியேறவும் வழி விட்டு, இரண்டு முனையிலும் இரும்பு வலை. மரநாய்க்காக. சித்திரை மதியம் இரண்டு மணிக்கு முன்பு 39 டிகிரி காட்டிய அறை இப்போது 35 காட்டுகிறது. குளிர்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்குள் ஆறிவிடுகிறது, முன்பு விடியும் வரை ஆறாது.

பலகையில்தான் நான் சறுக்கினேன். ஆசாரி அயனி, அதாவது காட்டுப்பலா மரம், போடச் சொன்னார். புயலில் சாய்ந்த ரப்பர் மரங்கள் குலசேகரம் பக்கம் மலை மாதிரி கிடந்த நேரம், விலை பாதிக்கும் குறைவு. ரப்பரே போதும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டார். மூன்றாவது வருடம் ஒரு நாள் காலை மேடை விரிப்பின் மேல் கோலமாவு தூவியது போல மெல்லிய பொடி. துடைத்தேன், மறுநாளும் இருந்தது. அண்ணாந்து பார்த்தால் கிழக்குச் சரிவுப் பலகை முழுக்கக் குண்டூசித் துளைகள். உளு, மரத்தைத் துளைக்கும் வண்டு. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம், போரிக் மருந்து ஏற்றாமல் போட்டால் உளு விடாது. மருந்து ஏற்றிய பலகை வாங்கிக் கிழக்குப் பக்கத்தை மாற்றினோம். மிச்சம் பிடித்த காசு போய், மேலே பன்னிரண்டாயிரமும் போனது. மேற்குச் சரிவில் இன்னும் பழைய ரப்பர்தான் இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்ப்பது என் ஞாயிற்றுக்கிழமை வேலை.

மின்விசிறிக்கும் கணக்கு உண்டு. சாதாரண 48 அங்குல விசிறியை முகட்டில் தொங்கவிட்டால் இறக்கை சரிவில் இடிக்கும். இடிக்காத அளவுக்கு இறக்கினால், சட்டை கழற்றக் கையைத் தூக்குகிறவர் விரல் போகும். 36 அங்குல விசிறி போட்டோம், போதவில்லை. இப்போது ஜன்னலுக்கு எதிரே சுவர் விசிறி ஒன்றும் ஓடுகிறது. கண்ணாடி ஓடு நான்கு போட்டதில் இரண்டை எடுத்துவிட்டோம், மத்தியானத் தூக்கத்தில் வெயில் நேராக முகத்துக்கு வந்தது.

உத்திரம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றில் வரிசையாக மரக் கொக்கிகள் அடித்தோம், அது துணி மாட்டும் இடமாகிவிட்டது. சட்டையும் சேலையும் தொங்கினால் யாரும் அதற்குள் தலையைக் கொடுப்பதில்லை. இன்னொன்றில் அத்தை ஒரு பிளாஸ்டிக் மாவிலைத் தோரணத்தைக் கட்டிவிட்டார்கள். பார்க்க நன்றாக இல்லை, நான் இரண்டு தடவை கழற்றினேன். ஆனால் மரம் இடிப்பதற்கு ஒரு நொடி முன்பே இலை நெற்றியில் உரசிவிடுகிறது, ஆள் தானாகக் குனிகிறார். அத்தை ஜெயித்துவிட்டார்கள்.

இப்போது பிள்ளைகள் வந்தால் மச்சறைக்குச் சண்டை. மழைக்கு ஓட்டில் விழும் சத்தம் கேட்கவே கொழுந்தன் மகன் சென்னையிலிருந்து ஐப்பசியில் வருகிறான்.

தீராத குறை ஒன்று உண்டு. ஏணி மாதிரி செங்குத்தான மரப்படி, மேலே கழிவறையும் கிடையாது. அறுபது தாண்டியவர்கள் ராத்திரி ஒரு தடவை இறங்கி ஏறினால் மறுநாள் ஹாலுக்கே வந்துவிடுகிறார்கள். யாருக்காக அறையைத் திருத்தினோமோ, அந்தச் சம்பந்தக்காரப் பெரியவர் இதுவரை திரும்ப ஏறவில்லை. மேலே கழிவறை கட்ட எனக்குத் தைரியமில்லை. மரத் தளத்தில் தண்ணீர்க் குழாயை விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. படியை மட்டும் சரிவு குறைத்து, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து மாற்றுகிறோம். ஆசாரி இப்போது வேலைக்கு வருவதில்லை, அவர் மகன் போன வாரம் அளவெடுத்துப் போனார். என்ன மரம் என்று அவர் கேட்கவில்லை. அப்பா சொல்லியிருக்கிறார் போல, சீட்டில் அயனி என்று எழுதிக்கொண்டுதான் வந்திருந்தார்.