பொயிந்த் ஓ சாப்ல் பக்கம் சாகோஸ் பாட்டி வீட்டு செராஸ் சாப்பாடு – என் ரிவ்யூ

மொரீஷியஸ்ல வேலைக்கு வந்திருக்கற நம்ம ஆளுங்களும் இங்க சுத்திப்பாக்க வர்றவங்களும் ஒரு தடவையாவது போய் சாப்பிடணும்னு நான் நினைக்கற இடம் இது, அதனால நீளமாத்தான் எழுதறேன். போர்ட் லூயிஸ்ல இருந்து மேற்கால கடலோரமா பொயிந்த் ஓ சாப்ல் போற பக்கம், ஒரு வீட்டு முன்னாடி தகரம் போட்டு நாலு மேசை, அதான் கடை. போர்டு கிடையாது. பேரு எழுத வேண்டாம், கூட்டம் வந்தா சமாளிக்க முடியாதுன்னு வீட்டுக்காரங்க சொல்லிட்டாங்க, ஆனா அந்தப் பக்கம் போய் சாகோஸ் தீவுக்காரங்க செராஸ் எங்க கிடைக்கும்னு யாரைக் கேட்டாலும் கை காட்டுவாங்க. என்னை கூட்டிட்டு போனது எங்க ஆபீஸ்ல வேலை பாக்கற ரோஸ் ஹில் ஊர்க்கார அண்ணன், இங்கயே அஞ்சு தலைமுறையா இருக்கற தமிழ்க் குடும்பம், வீட்ல பேசறது இந்த ஊரு கிரியோல் மொழி, தைப்பூசக் காவடிக்கு மட்டும் நாக்குல தமிழ்ப்பாட்டு வரும்.

செராஸ்னா தேங்காப்பால்ல வேகவைக்கற குழம்பு. எங்க தூத்துக்குடி பக்கம் சொதி சாப்பிட்டவங்களுக்கு முதல் வாயிலயே புரிஞ்சிரும், ஆனா இதுல பருப்பு கிடையாது, பாலு இன்னும் கெட்டி, மஞ்சள் கம்மி, வெங்காயமும் தைம் இலையும் பச்சமிளகாயும்தான். நான் போனப்ப கோழி செராஸும் பேய்க்கணவாய் செராஸும் இருந்துச்சு. கணவாயை அவ்ளோ நேரம் வேகவச்சிருந்தாங்க, ரப்பர் மாதிரி இழுக்காம பஞ்சு மாதிரி இருந்துச்சு, தேங்காப்பால் வத்தி எண்ணெய் பிரிஞ்சு ஓரத்துல நிக்கற பதம், அந்தக் குழம்பை சூடான சோத்துல ஊத்தி பக்கத்துல ப்ரேட் முரும் வச்சு சாப்பிட்டா வேற எதுவும் வேண்டாம். ப்ரேட் முரும்னா நம்ம முருங்கைக்கீரையேதான், பேரைப் பாருங்க, நம்ம தாத்தா பாட்டிங்க கரும்புக் காட்டுக்கு வந்தப்ப கூடவே கொண்டு வந்த வார்த்தை இன்னும் கிரியோல்ல உசுரோட இருக்கு. சாப்பாடு 250 மொரீஷியஸ் ரூபா, அளவு தாராளம், ரெண்டாவது தடவை சோறு கேட்டா சந்தோஷமா போடறாங்க.

குறையும் சொல்லிடறேன். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம், ஏன்னா ஆர்டர் சொன்ன பிறகுதான் தேங்கா துருவறாங்க. கார்டு வாங்க மாட்டாங்க. மத்தியானம் வெயில் நேரா மேசை மேல அடிக்குது. கோழியில உப்பு ஒரு கல்லு கூட. பசியோட சின்னப் பிள்ளைங்கள கூட்டிட்டு போறவங்க கையில ஒரு பிஸ்கட் பாக்கெட் வச்சுக்கோங்க.

தேங்கா துருவறது எழுபது தாண்டின கிராமேர், அதாவது பாட்டி. நல்லா இருக்குன்னு நான் சொன்னதும் அவங்க தலையை ஆட்டி, இது சரியான ருசி இல்ல, தேங்கா எங்க தீவுத் தேங்கா இல்லையேன்னு கிரியோல்ல சொன்னாங்க, அண்ணன் எனக்கு எடுத்துச் சொன்னார். அவங்க பிறந்தது சாகோஸ்ல, பெரோஸ் பானோஸ் தீவு. இங்க இருந்து வடகிழக்க ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல. அங்க தேங்காத் தோப்புதான் பொழப்பு, கொப்பரை காயவச்சு எண்ணெய் எடுக்கறது, ஆப்பிரிக்காவுல இருந்தும் மடகாஸ்கர்ல இருந்தும் அடிமைகளா கொண்டு வந்தவங்களோட பரம்பரை, அதுல இந்தியாவுல இருந்து கூலிக்கு போனவங்களும் கலந்திருக்காங்க. மொரீஷியஸுக்கு சுதந்திரம் குடுக்கறதுக்கு முன்னாடியே, 1965ல, பிரிட்டன் சாகோஸை தனியா வெட்டி எடுத்துக்கிச்சு, 30 லட்சம் பவுண்டு குடுத்துட்டு. 1966 டிசம்பர்ல சாகோஸ்லயே பெரிய தீவான டியேகோ கார்சியாவை அமெரிக்காவுக்கு ராணுவத் தளம் கட்ட குடுக்க ஒப்பந்தம், அதுக்குப் பதிலா பிரிட்டன் அமெரிக்காகிட்ட போலாரிஸ் ஏவுகணை வாங்கறதுல 140 லட்சம் டாலர் தள்ளுபடி. தளத்துக்கு ஆளில்லாத தீவு வேணும், அதனால தலைமுறை தலைமுறையா இருந்த சனங்கள வெறும் ஒப்பந்தக் கூலிகள்னு காகிதத்துல எழுதிக்கிட்டாங்க.

வைத்தியத்துக்குன்னு மொரீஷியஸ் வந்தவங்கள திரும்ப கப்பல் ஏத்தல, தீவுக்கு வர்ற அரிசி மாவை குறைச்சாங்க, 1971ல டியேகோ கார்சியாவை காலி பண்ணாங்க, 1973க்குள்ள பெரோஸ் பானோஸும் சாகோஸ்லயே இருக்கற சாலமன் தீவும் காலி. மொத்தம் 1,500ல இருந்து 2,000 பேர் வரைக்கும். டியேகோ கார்சியாவுல சனங்க வளத்த நாய்ங்கள பிடிச்சு கொப்பரை காயவைக்கற கொட்டகையில அடைச்சு வண்டிப் புகையை விட்டுக் கொன்னாங்க. இதை நான் முன்னாடியே படிச்சிருக்கேன், ஆனா பாட்டி எதிர்ல உக்காந்து, துருவின தேங்காயை கையால பிழிஞ்சுக்கிட்டே, எங்க வீட்ல ரெண்டு நாய் இருந்துச்சு, கப்பல்ல ஏத்த விடல, கரையிலயே நின்னு பாத்துக்கிட்டு இருந்துச்சுன்னு சொன்னப்ப என்னால சாப்பிட முடியல, தட்டைத் தள்ளி வச்சுட்டேன், அவங்கதான் சாப்பிடு சாப்பிடுன்னாங்க.

இங்க வந்து இறங்கினப்ப வீடு கிடையாது வேலை கிடையாது. தேங்கா உரிக்கத் தெரிஞ்ச கைக்கு போர்ட் லூயிஸ்ல என்ன வேலை இருக்கும், சொல்லுங்க. பிரிட்டன் குடுத்த முதல் பணம் குடும்பங்க கைக்கு வர வருஷக்கணக்காச்சு. அப்புறம் சார்லேஸியா அலெக்சிஸ், லிசெத் தாலாத் மாதிரி சாகோஸ் பொம்பளைங்க உண்ணாவிரதம் இருந்து தெருவுல போராடின பிறகுதான் 1982ல 40 லட்சம் பவுண்டு வந்துச்சு, அதுலயும் திரும்பிப் போற உரிமையை விட்டுக்குடுக்கறோம்னு படிக்கத் தெரியாத பத்திரத்துல கைநாட்டு வாங்கினாங்க.

சாப்பாட்டு ரிவ்யூல இதெல்லாம் ஏன்னு கேக்கறவங்களுக்கு: இந்தச் சமையல் இந்த ஊருக்கு வந்த காரணமே அந்தத் தளம்தான், அதைச் சொல்லாம ருசியை மட்டும் சொன்னா பாதி பொய். நமக்கு இன்னொரு சம்பந்தமும் இருக்கு. 2021 அக்டோபர்ல இலங்கைத் தமிழங்க கனடா போகணும்னு மீன்பிடி படகுல கிளம்பி, படகு பழுதாகி டியேகோ கார்சியாவுல போய் சேந்தாங்க. கூடாரத்துல, எலிங்களோட, பிள்ளை குட்டிங்களோட மூணு வருஷம் அடைஞ்சு கிடந்தாங்க, உசுரை மாய்ச்சுக்கப் பாத்தவங்களும் உண்டு. 2024 டிசம்பர்லதான் மிச்சம் இருந்தவங்கள்ல முக்கால்வாசிப் பேரை பிரிட்டனுக்கு கொண்டு போனாங்க, அதே மாசம் கோர்ட்டும் அவங்கள அடைச்சு வச்சது சட்டவிரோதம்னு சொல்லிச்சு. சொந்தக்காரனை வெளிய தள்ளின தீவு, தஞ்சம்னு வந்தவனை உள்ள பூட்டி வச்சுது. அடுத்த நாட்டு ராணுவத்துக்குன்னு நிலத்தை ஒதுக்கிட்டா அங்க யாருக்கு என்ன உரிமைன்னு கேக்கவே ஆள் இருக்காது.

அதனாலதான் வெளிநாட்டு ராணுவத் தளமே கூடாதுன்னு உலகம் முழுக்க ஒரே ஒப்பந்தம் வேணும்னு நான் சொல்றேன். கனவு இல்லைங்க. 1959 அண்டார்டிகா ஒப்பந்தத்துல அங்க ராணுவத் தளம் கூடாதுன்னு எழுதி அமெரிக்காவும் அன்னைக்கு இருந்த சோவியத் யூனியனும் சேந்து கையெழுத்து போட்டிருக்காங்க. 1967 விண்வெளி ஒப்பந்தத்துல நிலாவுல ராணுவத் தளம் கட்டக்கூடாதுன்னு இருக்கு. பனிக்கும் நிலாவுக்கும் குடுத்த பாதுகாப்பை பாட்டி பிறந்த தீவுக்கு குடுக்கலையே, அங்க மனுஷங்க இருந்தாங்களே. 1971 டிசம்பர்ல இலங்கை முன்ன நின்னு இந்தியப் பெருங்கடல் அமைதி மண்டலம்னு ஐ.நா.வுல தீர்மானம் கொண்டு வந்து நிறைவேத்தினாங்க, அந்த வருஷம்தான் டியேகோ கார்சியாவையும் காலி பண்ணாங்க, தீர்மானத்துல கட்டாயம் எதுவும் இல்லாததால ஒண்ணும் நடக்கல. கட்டாயப்படுத்தற ஒப்பந்தம் வேணும்ங்கறது அதுக்குத்தான்.

அமெரிக்காக்காரன் போனா சீனாக்காரன் வந்துருவான்னு அண்ணன் கேட்டார், நியாயமான கேள்வி. ஜிபூட்டின்னு ஒரு குட்டி நாட்டுல அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான், சீனா நாலும் தளம் வச்சிருக்கு. அதனாலதான் ஒருத்தனை மட்டும் போகச் சொல்றது பத்தாது, எவனும் வரக்கூடாது. பிலிப்பைன்ஸ் செனட் 1991ல 12க்கு 11 ஓட்டுல சூபிக் பே அமெரிக்கத் தளத்தை நீட்டிக்க மாட்டோம்னு சொல்லிச்சு, அடுத்த வருஷம் அமெரிக்கக் கடற்படை கிளம்பிச்சு. ஈக்வடார் 2008ல வெளிநாட்டுத் தளம் கூடாதுன்னு அரசியல் சட்டத்துலயே எழுதி 2009ல மாந்தாவுல இருந்த அமெரிக்கத் தளத்தை மூடிச்சு. ஆனா பிலிப்பைன்ஸுக்கு அமெரிக்கப் படை அப்புறம் வேற ஒப்பந்தம் போட்டு திரும்ப வந்திருச்சு, தனித்தனியா ஒவ்வொரு நாடும் மல்லுக்கட்டினா இப்படித்தான் ஆகும். கண்ணிவெடித் தடை ஒப்பந்தம் 1997ல வந்தப்பவும் அமெரிக்கா, ரஷ்யா, சீனா மாதிரி பெரிய நாடுங்க சேரல, இருந்தும் நூத்துக்கு மேல நாடுங்க சேந்து கண்ணிவெடி வைக்கறதையே அசிங்கம்னு ஆக்கிட்டாங்க. தளம் போற எடத்துல மண்ணை சுத்தம் பண்ணணும், வெளிய தள்ளினவங்கள திரும்ப குடியேத்தணும்னு நான் கேக்கற ஒப்பந்தத்துலயே எழுதணும், இது என் ஆசை.

இந்தியாவையும் சொல்லியே ஆகணும், இல்லைன்னா நான் பேசறது நியாயம் ஆகாது. மொரீஷியஸுக்கு சொந்தமான அகலேகா தீவுல முந்நூறு பேர் அளவுக்குத்தான் சனம், அங்கயும் தேங்காத் தோப்புதான். அங்க இந்தியா மூணு கிலோமீட்டர் ஓடுபாதையும் படகுத்துறையும் கட்டி 2024 பிப்ரவரியில திறந்தாச்சு. ராணுவத் தளம் இல்லைன்னு அரசாங்கம் சொல்லுது, அது உண்மையா இருக்கட்டும், ஆனா அகலேகான்னு சொன்னதும் பாட்டி முகம் மாறினதை நான் பாத்தேன்.

2019ல சர்வதேச நீதிமன்றம் 13க்கு 1னு பிரிட்டன் சாகோஸ்ல தன் ஆட்சியை சீக்கிரமே முடிச்சுக்கணும்னு கருத்து சொல்லிச்சு, ஐ.நா. சபையில 116 நாடு ஆதரிச்சுது. 2025 மே மாசம் பிரிட்டன் கையெழுத்து போட்ட ஒப்பந்தத்துல தீவு மொரீஷியஸுக்கு, ஆனா டியேகோ கார்சியா தளம் 99 வருஷ குத்தகை, வருஷத்துக்கு சராசரி 101 மில்லியன் பவுண்டு மொரீஷியஸுக்கு. அந்த ஒப்பந்தப்படி மத்த தீவுல குடியேறலாம், டியேகோ கார்சியாவுல முடியாது. பாட்டியோட பேரன் சந்தோஷப்படறான், ஸ்கூல் ரோடு ஆஸ்பத்திரின்னு பணம் வரும்ங்கறான், அவன் சொல்றதையும் தட்ட முடியல. பாட்டி 99ங்கற நம்பரை ரெண்டு தடவை திருப்பிக் கேட்டாங்க, அப்புறம் உள்ள போய் இன்னொரு தேங்கா உடைச்சாங்க.

சனி, ஞாயிறு மட்டும்தான் கடை, பதினொரு மணிக்கு மேல. பேய்க்கணவாய் வேணும்னா சனிக்கிழமை போங்க, ஒரு மணிக்குள்ள தீந்துரும். பார்சலுக்கு பாத்திரம் கொண்டு போங்க. கிரியோல் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கூட இருந்தா நல்லது, சாப்பிட்டு முடிச்சதும் உடனே எந்திரிக்காதீங்க, பாட்டி பேசுவாங்க. எங்கம்மா அடுத்த மாசம் தூத்துக்குடியில இருந்து வர்றாங்க, பாட்டியோட தேங்கா துருவியைப் பாக்கணுமாம், முதல் சனிக்கிழமையே கூட்டிட்டு போறேன்.