சுமாட்ரிப்டானுடன் ஆறு ஆண்டுகள்

செங்கோட்டையில் குடியிருந்து, புளியரை வளைவுகளில் மலையேறிப் புனலூருக்கு நாள்தோறும் பேருந்தில் வேலைக்குச் செல்பவன் நான். ஒற்றைத் தலைவலிக்காகத் திருவனந்தபுரத்து நரம்பியல் மருத்துவர் ஒருவர் 50 மில்லிகிராம் சுமாட்ரிப்டான் எழுதிக்கொடுத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

முதல் ஓராண்டு அதனைத் தவறாகவே பயன்படுத்தினேன். ஆரியங்காவு தாண்டும்போது வலப்பக்க நெற்றிப்பொட்டு துடிக்கத் தொடங்கினாலும், புனலூர் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று பொறுத்திருப்பேன். சீப்பு பட்டாலே தலை வலிக்கும் நிலை வந்தபின் விழுங்கிய மாத்திரை பெரும்பாலும் கைகொடுக்கவில்லை. காரணத்தை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். முகத்துக்கும் மூளையின் வெளியுறைக்கும் கிளைவிடும் முப்பெரு நரம்பின் நுனிகள் சி.ஜி.ஆர்.பி. என்னும் பொருளை வெளியிடுகின்றன. அது உறையிலுள்ள தமனிகளை விரியச் செய்கிறது. செரட்டோனின் என்னும் நரம்பு வேதிப்பொருள் வந்து பொருந்தும் இடங்களே செரட்டோனின் ஏற்பிகள். சுமாட்ரிப்டான் அவற்றில் ஒரு வகையின் வழியாக அத்தமனிகளைச் சுருக்குகிறது. இன்னொரு வகையின் வழியாக, நரம்பு நுனி அப்பொருளை வெளியிடுவதையே தடுக்கிறது. ஆனால் மூளைக்குள் இருக்கும் வலி நரம்பணுக்கள் ஒருமுறை கிளர்ந்துவிட்டால், நுனியை மட்டும் அடைத்து வலியை அடக்குவது கடினம். அன்றுமுதல் மாத்திரை சட்டைப்பையிலேயே இருக்கிறது. துடிப்பு தொடங்கியதும் போட்டுக்கொண்டால் பெரும்பாலும் தென்மலைக்கு அப்பால் வலி தணியத் தொடங்குகிறது.

இரத்தக் குழாய் விரிவதுதான் முழு நோயும் என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். டென்மார்க்கில் நடந்து 2013இல் வெளியான ஸ்கேன் ஆய்வில், வலியின்போது மண்டைக்கு வெளியே உள்ள தமனிகள் விரியவில்லை, உள்ளே உள்ளவை சற்றே விரிந்திருந்தன. சுமாட்ரிப்டான் கொடுத்தபின் வெளித்தமனிகள் சுருங்கினவே தவிர, மூளையின் நடுத்தமனி விரிந்தபடியே இருக்க, வலி குறைந்தது. ஆகவே நரம்பின் மீதான விளைவே முதன்மையானது என்று கருதுகிறேன்.

மாத்திரை போட்ட அரைமணியில் கழுத்தும் நெஞ்சும் இறுகுவது போன்ற உணர்வு எனக்குச் சில நேரம் வரும். இதயத் தமனி நோயோ கட்டுப்படாத இரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்கு இம்மருந்து கூடாது என்பதால், தொடங்குமுன் எனக்கு ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மாதத்தில் 10 நாட்களும் அதற்கு மேலும் தொடர்ந்து போட்டால் மருந்தே தலைவலியை உண்டாக்கக்கூடும்; மூன்றாம் ஆண்டில் அந்த எல்லையை நெருங்கியபோது, தடுப்பு மருந்தாகப் புரோப்ரனலால் சேர்த்தார். அதன்பின், மாத்திரை போட்டதைக் குறிக்க நாட்காட்டியில் நான் வட்டமிடும் நாட்கள் மாதத்துக்கு மூன்று, நான்காகக் குறைந்தன. ஆஸ்துமா உள்ள என் அக்காவுக்கு அதே மருத்துவர், மூச்சுக்குழாயை இறுக்கக்கூடிய புரோப்ரனலாலைத் தவிர்த்து, டோபிரமேட் என்னும் வேறொரு தடுப்பு மருந்தைக் கொடுத்தார். அக்காவுக்குத் தலைவலி குறைந்திருக்கிறது, அம்மருந்தின் பக்கவிளைவாக விரல் நுனிகளில் ஊசி குத்துவதுபோல் இருப்பது மட்டும் இன்னும் நீங்கவில்லை.