500 எஃப்.பி.எஸ் காட்டிய வீடியோவும் ஒரு பாக்கெட் குண்டும்: முதல் ஸ்னைப்பர் துப்பாக்கி வாங்கப்போகிறவர்களுக்கு

ஏர்சாஃப்ட்டில், அதாவது சின்ன பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கிகளோடு ஆடும் ஆட்டத்தில், ஸ்னைப்பராக (மறைந்திருந்து தூரத்திலிருந்து சுடுபவராக) ஆடும் ஆசையில் முதல் துப்பாக்கி தேடிக்கொண்டிருப்பவர்கள், காசு அனுப்புவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஒரே ஆளிடம் இரண்டு முறை ஏமாந்தவன் எழுதுகிறேன். விற்றவர் பெயரைப் போடப்போவதில்லை. இதே வித்தையை நாளைக்கு வேறொருவரும் காட்டலாம் என்பதால் வித்தையை மட்டும் சொல்கிறேன்.

நான்கைந்து மாதம் இரவல் துப்பாக்கியில் ஆடியிருந்தேன். எல்லாம் சாதாரண எலெக்ட்ரிக் ரைஃபிள்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் எங்கிருந்து அடித்தார்கள் என்றே தெரியாமல் வெளியேறுவேன். அப்படி ஒருநாள் புதருக்குள்ளிருந்து ஒருவர் எழுந்து வந்து, "உங்களைப் பத்து நிமிஷமாப் பார்த்துட்டு இருந்தேன்" என்று சிரித்தார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், நானும் ஒரு புதராகிவிடுவது என்று.

வலையில் தேடியதில் அந்த விற்பனையாளர் கிடைத்தார். "ஸ்னைப்பர் ஸ்டார்ட்டர் பேக்கேஜ்" என்று போட்டிருந்தார். டோக்கியோ மாருயி கம்பெனியின் வி.எஸ்.ஆர்-10 மாடலைப் பார்த்துச் செய்த க்ளோன் (நகல்) ஒன்று, 6 முதல் 24 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 6-24x50 ஸ்கோப், துப்பாக்கியைத் தாங்கும் இரண்டு கால் பைபாட், புதரைப் போல மறைக்கும் கில்லி சூட், எல்லாம் ஒரே பெட்டியில். துப்பாக்கிக்குள் 90 டிகிரி ட்ரிகர் செட், காற்றைத் தள்ளும் மெட்டல் பிஸ்டன், 6.03 மி.மீ. உள்விட்டமுள்ள டைட் போர் பேரல் (இறுக்கமான குழல்), குண்டைச் சுழற்றிவிடும் புது ஹாப்-அப் ரப்பர் எல்லாம் மாட்டியிருப்பதாகவும், நூறு மீட்டர் அடிக்கும் என்றும் எழுதியிருந்தது. கூடவே ஒரு வீடியோ: மேசைமேல் குண்டின் வேகத்தை அளக்கும் க்ரோனோ, துப்பாக்கி, ஐந்து முறை சுடுகிறார். எஃப்.பி.எஸ், அதாவது குண்டு நொடிக்கு எத்தனை அடி போகிறது என்ற எண், 498, 503, 501 என்று வருகிறது.

நான் கேட்ட ஒரே கேள்வி, "ப்ரோ, இது பிகினருக்கு சரிவருமா?" அவர் சொன்ன பதில், "பாக்ஸைப் பிரிச்சதும் நேரா ஃபீல்டுதான் ப்ரோ. நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம்." ஒன்றுமே பண்ணவேண்டாம் என்று ஒருவர் சொன்னால் எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

பெட்டி வந்தது. துப்பாக்கி பார்க்க ஜோராகத்தான் இருந்தது. கூடவே "டெஸ்ட் குண்டு, இலவசம்" என்று கையால் எழுதிய ஒரு சின்ன பாக்கெட், லேபிள் கிடையாது. அந்தப் பாக்கெட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஆட்டத்துக்குப் போனேன். எங்கள் ஃபீல்டில் 0.20 கிராம் குண்டு போட்டு அளந்து, சாதாரண ரைஃபிளுக்கு 350 எஃப்.பி.எஸ், கையால் இழுத்துத் தள்ளி ஒவ்வொரு குண்டாகச் சுடும் போல்ட் ஆக்‌ஷன் ஸ்னைப்பருக்கு 500 வரை விடுவார்கள். 500 வந்துவிடப்போகிறதே, ஒன்றிரண்டு கூடினால் உள்ளே விடமாட்டார்களே என்ற பயத்தோடு க்ரோனோ மேசைக்குப் போனேன். அங்கே இருந்த அண்ணன் அவருடைய 0.20 குண்டைப் போட்டுச் சுடச் சொன்னார்.

384.

"இன்னொண்ணு அடிங்க." 391. அடுத்தது 379.

மெஷின் கெட்டுப்போயிருக்கிறது என்று நான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் வேறொருவரின் துப்பாக்கியை அளந்து காட்டினார், 346 என்று சரியாக வந்தது. பிறகு என்னைப் பார்த்து, "500-னு காட்டினப்போ என்ன குண்டு போட்டாங்க தம்பி?" என்றார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. குண்டு என்றால் குண்டுதானே என்று நினைத்தவன் நான்.

வீட்டுக்கு வந்ததும் அந்த இலவச பாக்கெட்டிலிருந்து நூறு குண்டை எண்ணி எடுத்து எடை மெஷினில் வைத்தேன். 0.20 கிராம் குண்டாக இருந்தால் 20 கிராம் வரவேண்டும். 12 கிராம் வந்தது. திரும்ப எண்ணினேன், திரும்ப 12. விளையாட்டுச் சாமான் துப்பாக்கிகளோடு வரும் 0.12 கிராம் குண்டு அது.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கும் புதியவர்களுக்காகக் கணக்கைச் சொல்கிறேன். ஸ்பிரிங் தள்ளும் சக்தி கிட்டத்தட்ட ஒன்றுதான், குண்டு லேசாக இருந்தால் வேகமாகப் போகும், கனமாக இருந்தால் மெதுவாகப் போகும். 500 எஃப்.பி.எஸ் என்றால் நொடிக்குச் சுமார் 152 மீட்டர். அந்த வேகத்தில் 0.20 குண்டு போனால் 2.32 ஜூல். அதே வேகத்தில் 0.12 குண்டு போனால் 1.39 ஜூல்தான். அந்த 1.39 ஜூலை 0.20 குண்டுக்குக் கொடுத்தால் 387 எஃப்.பி.எஸ். ஃபீல்டில் எனக்கு வந்த எண்களும் ஏறக்குறைய அதுவேதான். வீடியோவில் ஒரு பொய்கூடக் கிடையாது. எந்தக் குண்டு என்பதை மட்டும் சொல்லவில்லை.

அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் எஃப்.பி.எஸ்ஸை மட்டும் கேட்பதில்லை, "என்ன குண்டில்?" என்று சேர்த்துக் கேட்கிறார்கள், அல்லது ஜூலில் பேசுகிறார்கள். என் துப்பாக்கி இரண்டும்கெட்டான் ஆகிவிட்டது. ஸ்னைப்பருக்குப் போதிய சக்தி இல்லை, சாதாரண ரைஃபிள் வரம்பைவிடக் கூடுதல். அதனால் ஸ்னைப்பருக்குரிய கட்டுப்பாடு மட்டும் என் தலையில் விழுந்தது: 30 மீட்டருக்குள் இருக்கும் யாரையும் அதால் சுடக்கூடாது. கிட்டே வருகிறவரைச் சுட இடுப்பில் ஒரு பிஸ்டல் வேண்டும். பேக்கேஜில் பைபாட் இருந்தது, பிஸ்டல் இல்லை. அப்படி ஒன்று தேவை என்று ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அன்றைக்கு ஒருவர் என் முகத்துக்கு நேரே பதினைந்தடியில் வந்து நின்றார். நான் துப்பாக்கியைக் கீழே வைத்துக் கையைத் தூக்கினேன்.

மற்ற சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கில்லி சூட் கிளிப்பச்சை, காய்ந்த புதருக்குள் படுத்தால் கொடியில் துணி காயப்போட்ட மாதிரி இருக்கும். அதன் நூல் போல்ட் கைப்பிடியில் சிக்கிக்கொண்டே இருந்தது. ஸ்கோப்பின் ஆகக் குறைந்த உருப்பெருக்கமே ஆறு மடங்கு. நாற்பது மீட்டரில் ஒருவர் அசைவதைக் கண்ணால் பார்த்துவிட்டு ஸ்கோப்புக்குள் தேடினால் ஒரே இலை. எந்த மரத்து இலை என்று கண்டுபிடிப்பதற்குள் அவர் போய்விடுவார். 70, 80 மீட்டருக்குள் நடக்கும் ஆட்டத்துக்கு 24 மடங்கு எதற்கு?

ஆனால் பயந்துபோனது இதற்கெல்லாம் இல்லை. மூன்றாவது ஆட்டத்தில் போல்ட்டைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினேன். ட்ரிகரில் விரலே இல்லை. 'டப்' என்று குண்டு போய்விட்டது. குழல் தரையைப் பார்த்து இருந்ததால் தப்பித்தேன். இன்னும் இரண்டு முறை அப்படி நடந்தபிறகு உறையில் போட்டு மூடிவிட்டேன்.

க்ரோனோ அண்ணன்தான் அடுத்த வாரம் உட்கார்ந்து பிரித்துக் காட்டினார். அடியிலிருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஸ்டாக்கைத் தனியே எடுத்து, சிலிண்டரை உருவினார். பிஸ்டனைக் கையில் கொடுத்து, "இதோட பின்பக்கத்தைப் பாருங்க" என்றார். முழுக்க பிளாஸ்டிக். பிஸ்டனைப் பின்னால் நிறுத்தி வைக்கும் ட்ரிகரின் கொக்கிக்கு சியர் என்று பெயர்; அது பிடித்துக்கொள்ளும் விளிம்பு சாய்வாக இருந்தது. 90 டிகிரி செட் என்றால் அந்த விளிம்பு செங்குத்தாக வெட்டியிருக்க வேண்டும், சாய்வாக இருந்தால் அது பழைய 45 டிகிரி. அந்தச் சாய்விலும் பாதி தேய்ந்து மழுங்கி, நகத்தால் தடவினால் வழுக்கியது. சியர் எதைப் பிடிக்கும்? அதுதான் தானாகச் சுட்ட கதை. ஆக, துப்பாக்கி புதுசும் இல்லை. யாரோ நன்றாக ஆடித் தேய்த்துத் திருப்பிக் கொடுத்தது.

பிறகு ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, சிலிண்டர் முனையை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனைத் தள்ளச் சொன்னார். முனையை அடைத்த சிரிஞ்சு எப்படித் திமிறும், அப்படித் திமிறவேண்டும். என்னுடையது வெண்ணெயில் கத்தி போல உள்ளே போனது. காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம், ஓ-ரிங், காய்ந்து சுருங்கியிருந்தது. காற்று கசிந்தால் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு வேகத்தில் போகும், எந்த ஸ்கோப்பாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

ஹாப்-அப் ரப்பரும் பழசு. குண்டின் மேற்பக்கத்தை உரசி அதற்குப் பின்சுழற்சி கொடுப்பது அந்த ரப்பர்தான். அந்தச் சுழற்சி இருப்பதால்தான் குண்டு விழாமல் மிதந்து போகிறது. ஸ்னைப்பர்கள் 0.40, 0.43 என்று கனமான குண்டு போடுவார்கள். காற்றில் அலையாது, வேகத்தை அவ்வளவு சீக்கிரம் இழக்காது. ஆனால் அதைத் தூக்கிப் பிடிக்க நல்ல ரப்பர் வேண்டும். என் துப்பாக்கியில் 0.40 போட்டால் முப்பத்தைந்து மீட்டரிலேயே தலைகுப்புற விழும். விற்றவரிடம் இதைக் கேட்டபோது, "0.20 போடுங்க ப்ரோ, ஸ்பீடா போகும்" என்றார். போட்டேன். ஸ்பீடாகத்தான் போனது, வானத்துக்கு.

க்ளோன் என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. டோக்கியோ மாருயின் அசல் வி.எஸ்.ஆர்-10-ஐ அப்படியே வாங்கினாலும் ஜப்பானின் சட்ட வரம்பு 0.98 ஜூல் என்பதால் சக்தி குறைவாகத்தான் வரும். அந்த டிசைனுக்கு உதிரிபாகங்கள் ஏராளமாகக் கிடைப்பதால் எல்லாரும் அதில் தொடங்குகிறார்கள். வெறும் க்ளோன் என்று சொல்லி விற்றிருந்தால் சந்தோஷமாக வாங்கி நானே மெல்ல மெல்ல மாற்றியிருப்பேன். உள்ளே இல்லாத பாகங்களுக்குக் காசு வாங்கினாரே, அதுதான் எரிகிறது.

படங்களோடு அவருக்கு எழுதினேன். முதல் பதில்: "நீங்க ஓப்பன் பண்ணிட்டீங்களே ப்ரோ, வாரண்டி போச்சு." பிரிக்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். இரண்டு நாள் சத்தமில்லை. பிறகு குழைந்தார். பார்ட்ஸ் மாறிப்போயிருக்கும், திருப்பி அனுப்புங்கள், ஃப்ரீயாக அப்கிரேட் செய்து தருகிறேன் என்றார். காசைத் திருப்பிக் கேட்டிருக்கவேண்டும். இலவசம் என்ற சொல்லில் மறுபடியும் விழுந்தேன். அனுப்பும் செலவும் என்னுடையதுதான்.

மூன்று வாரம் கழித்து வந்தது. அவருடைய புது வீடியோவில் இந்தமுறை 0.20 குண்டு டப்பாவையே காட்டி 490 அடித்திருந்தார். ஃபீல்டிலும் 487 வந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. நாற்பது, ஐம்பது குண்டு போயிருக்கும். போல்ட்டை இழுக்கையில் உள்ளே ஏதோ முறிந்த சத்தம். அதன்பிறகு எவ்வளவு இழுத்தாலும் பிஸ்டன் பின்னால் நிற்கவில்லை.

பிரித்துப் பார்த்தால் அதே பிளாஸ்டிக் பிஸ்டன், அதே ட்ரிகர். உள்ளே எம்150 ஸ்பிரிங் ஒன்றை மட்டும் திணித்திருந்தார். எம்150 என்றால் 0.20 குண்டை நொடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் தள்ளும் ஸ்பிரிங் என்று பொருள். அந்தப் பலத்தைத் தாங்கும் சியரும் பிஸ்டனும் இல்லாமல் அதைப் போடுவது மாட்டு வண்டிக்கு லாரி இஞ்சின் வைப்பது மாதிரி. உடைந்த சியர் துண்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். முறிந்த இடம் சாம்பல் நிறத்தில் மணல் மணலாக இருந்தது. மலிவான வார்ப்பு உலோகம். க்ரோனோ அண்ணன், "ஸ்பிரிங்கை மாத்தறது கடைசி வேலை தம்பி. முதல்ல ரப்பர், காத்து கசியாம பாக்கறது, அப்புறம் ட்ரிகரும் பிஸ்டனும். அதுக்கப்புறம்தான் பலம்" என்றார். அந்த வரிசையை விற்றவர் தலைகீழாகச் செய்திருந்தார். க்ரோனோவில் வேக எண்ணைச் சட்டென்று ஏற்றிக் காட்டுவது ஸ்பிரிங்தானே.

அதற்குப் பிறகு என் அழைப்பை அவர் எடுக்கவில்லை. பணம் அனுப்பிய முறையில் திரும்பப் பெற வழியில்லை, நேரடியாக அனுப்பியிருந்தேன். பாதுகாப்புள்ள வழியில் கட்டியிருந்தால் முதல் வாரமே புகார் கொடுத்திருக்கலாம்.

வாங்கும் முன் என்ன கேட்பது என்று சிலர் தனியாகக் கேட்டார்கள். வீடியோவில் குண்டு டப்பாவின் லேபிள் தெரியவேண்டும், அங்கேயே சில குண்டுகளை எடை போட்டுக் காட்டினால் இன்னும் நல்லது. கனமான குண்டிலும், அதாவது 0.40-இலும் பத்து ஷாட் தொடர்ந்து அளந்து காட்டச் சொல்லுங்கள். பத்தும் நெருங்கி வந்தால் காற்று கசியவில்லை என்று அர்த்தம், அங்குமிங்கும் தாவினால் விட்டுவிடுங்கள். அப்கிரேட் செய்தது என்றால் பிஸ்டனின் பின்பக்கப் படம் ஒன்று கேளுங்கள், உண்மையிலேயே மாற்றியவருக்கு அது ஐந்து நிமிட வேலை. போல்ட்டை வேகமாகப் பத்து முறை தள்ளிக் காட்டச் சொல்லுங்கள், தானாகச் சுடுகிறதா என்று தெரிந்துவிடும். நூறு மீட்டர் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். நன்றாகச் செட் செய்த துப்பாக்கியிலேயே ஆளைக் குறிவைத்து நம்பி அடிப்பது 70, 80 மீட்டர்தான். சாதாரண ரைஃபிளைவிட இருபது, முப்பது மீட்டர் கூடுதல். ஸ்னைப்பரின் வாழ்க்கையே அந்த இருபது மீட்டரில்தான். அதை வைத்துக்கொண்டு ஊர்ந்து போகவும் காத்திருக்கவும் தெரியவேண்டும், அது எந்தப் பெட்டியிலும் வராது.

போன வாரம் அவருடைய விளம்பரம் மறுபடி கண்ணில் பட்டது. அதே பேக்கேஜ், அதே 498, 503, 501. நண்பனின் நம்பரிலிருந்து ஒரு கேள்வி அனுப்பினேன்: "ப்ரோ, வீடியோல என்ன குண்டு?" நீல டிக் விழுந்து ஆறு நாள் ஆகிறது.