கிளட்ச் செட் மாற்றி மூன்று ஆண்டுகள்: ஓர் அனுபவப் பகிர்வு

சேலத்தின் நெரிசலிலும் அவ்வப்போது கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஓடும் எங்கள் 1.2 லிட்டர் பெட்ரோல் காரில், 70,000 கிலோமீட்டரைக் கடந்த பிறகு கிளட்ச் நழுவத் தொடங்கியது. ஐந்தாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எஞ்சினின் சுழற்சி உயருமே தவிர வேகம் கூடாது; ஏற்றத்தில் கருகல் வாடை வீசும்; பெடலை ஏறக்குறைய முழுவதும் விட்ட பிறகே வண்டி நகரும். கேபிளைச் சரிசெய்து போதிய ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடலில் இருக்கும் தளர்வு) கொடுத்தும் நழுவல் நிற்காததால், பிளேட் தேய்ந்துவிட்டது என்பது உறுதியாயிற்று.

கிளட்ச் பிளேட்டை மட்டும் மாற்றினால் செலவு குறையும் என்று சிலர் சொன்னார்கள். எந்தப் பாகத்தை மாற்றினாலும் கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும். கூலியின் பெரும்பகுதி அந்த வேலைக்குத்தான். ஆகவே பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றையும் செட்டாகவே மாற்றச் சொன்னேன். அந்த முடிவில் இன்றும் எனக்கு முழு நிறைவு உண்டு. இறக்கிப் பார்த்தபோது பிளேட்டின் உராய்வுப் பரப்பு ரிவெட் தலைகள் வரை தேய்ந்திருந்தது. பிளேட் உராயும் எஞ்சின் பக்கச் சக்கரமான ஃப்ளைவீலில் சூட்டால் நீலம் பாய்ந்த திட்டுகள் தெரிந்தன. அதன்மேல் புதிய பிளேட்டை அப்படியே பொருத்தினால் வண்டி புறப்படும்போது அதிரும் என்பதால், ஃப்ளைவீலைக் கடைசல் பட்டறைக்கு அனுப்பி முகத்தைச் சமப்படுத்தி வாங்கினோம். எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீலில் கசிவு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதற்கும் அதுவே தக்க தருணம். அங்கிருந்து எண்ணெய் கசிந்தால் புதிய பிளேட்டும் பாழாகும். கியர்பாக்ஸ் ஷாஃப்டின் பற்களில் கிரீஸை மிகச் சிறிதளவே தடவ வேண்டும், மிகுந்தால் அது சுழற்சியில் தெறித்துப் பிளேட்டில் படியும் என்று மெக்கானிக் விளக்கியது மிகவும் பயனுள்ள செய்தி.

முதல் 500 கிலோமீட்டர் வரை திடீர் வேகமோ மலைப்பயணமோ இல்லாமல் ஓட்டினோம். தொடக்கத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது இருந்த மெல்லிய அதிர்வு, பரப்புகள் ஒன்றோடொன்று படிந்ததும் தானாக மறைந்தது. பெடல் வியக்கத்தக்க அளவு இலேசாகிவிட்டது. பழைய பிரஷர் பிளேட் எவ்வளவு இறுகியிருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது.

இப்போது மேட்டில் நிற்க நேர்ந்தால் ஹாஃப் கிளட்சில் (பெடலைப் பாதி மிதித்தபடி) வண்டியைத் தாங்குவதில்லை, ஹேண்ட்பிரேக்கைத்தான் இழுக்கிறோம். இந்த மூன்று ஆண்டுகளில் நழுவலோ பேரிங் இரைச்சலோ இல்லை. கேபிளை ஒரு முறை சரிசெய்தது தவிர வேறு வேலையும் வரவில்லை.