திருமலையில் பேபி சீட்டோடு வரும் ஹயர் கார்: மூன்று ஓட்டம் போன அனுபவம்

தங்கச்சி லண்டனில் இருந்து இரண்டு பிள்ளைகளோடு வருகிறாள் என்றதும் எனக்கு முதலில் வந்த கவலை கட்டுநாயக்க விமான நிலையத்தில் இருந்து திருகோணமலை வரைக்கும் உள்ள அந்த ஆறு மணித்தியால ஓட்டம்தான். சின்னவளுக்குப் பதினாலு மாதம், ஒன்பதரைக் கிலோ. பெரியவனுக்கு ஆறு வயது. மூன்று வருசத்துக்கு முதல் அவள் வந்தபோது போனில் ஆப் போட்டுப் பிடித்த ஒரு காரில் பின் சீட் பெல்ட்டின் கொளுக்கி எங்கே என்று தேடினால், அது சீட் கவருக்கு அடியில் கிடந்தது. "பின்னுக்கு பெல்ட் தேவையில்லை அண்ணா, ஒருத்தரும் கேக்க மாட்டாங்கள்" என்றார் ஓட்டுநர். ஒரு விதத்தில் அவர் சொன்னது சரிதான், 2011 இல் ஆசனப்பட்டி கட்டாயம் என்று வந்தபோதும் எல்லோருடைய கண்ணும் முன் சீட்டில்தான் இருந்தது. ஆனால் பிள்ளை இருப்பது பின் சீட்டில்.

அதனால் இந்த முறை பேபி சீட் போட்டு வரும் ஆளாகத் தேடினேன். உப்புவெளிப் பக்கம் ஒரு அண்ணை சொந்தக் காரில் ஹயர் ஓடுகிறார், டொயோட்டா அக்சியோ. வெள்ளைக்காரக் குடும்பங்களை நிலாவெளிக்கு ஏற்றி இறக்கி, அவர்கள் கேட்டுக் கேட்டே ஒரு சீட் வாங்கி வைத்திருக்கிறார். ஆப்பிலும் ஓடுகிறவர்தான், ஆனால் சீட் வேண்டும் என்றால் நேரே கதைத்துப் பிடிக்க வேண்டும். ஹயர் காசுக்கு மேல் சீட்டுக்கு 1,500 ரூபா எடுத்தார். பெயர் போட வேண்டாம் என்றதால் போடவில்லை.

சீட்டைப் பற்றி முதலில் சொல்கிறேன். பேபி சீட்டுகளுக்கான ஐ.நா. பாதுகாப்புத் தரங்களில் பழைய ஆர்44 தரம், பின்னுக்கு செம்மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது, வட்டத்துக்குள் E எழுத்தும் நம்பரும் தெளிவாக இருக்கின்றன. வாடகைக் காரில் சீட்டைக் கண்டால் முதலில் இந்த ஸ்டிக்கரைத் தேடுங்கள், அது இல்லாவிட்டால் எந்தச் சோதனையும் பார்க்காத வெறும் பிளாஸ்டிக் கதிரையாகவும் இருக்கலாம். விமான நிலையத்தில் அவர் அதை முன்பக்கம் பார்க்கிற மாதிரிப் பூட்டி வைத்திருந்தார். ஒன்பது கிலோ தாண்டினால் முன்னுக்குப் பார்க்கலாம் என்றுதான் அந்தத் தரம் சொல்கிறது, அவர் மேல் பிழையில்லை. ஆனால் பிறகு வந்த ஆர்129 தரம் நிறையைப் பார்ப்பதில்லை, பதினைந்து மாதம் முடியும் வரை பிள்ளை பின்னுக்குத்தான் பார்த்து இருக்க வேண்டும் என்கிறது. அந்த வயதில் தலை பாரம், கழுத்து பலமில்லை. திடீரென்று நின்றால் முன்னுக்குப் பார்க்கிற பிள்ளையின் தலை முழுப் பாரத்தோடு முன்னுக்கு இழுபடும், பின்னுக்குப் பார்த்தால் சீட்டின் முதுகே தலையையும் கழுத்தையும் சேர்த்துத் தாங்கும். தங்கச்சி இதைச் சொன்னாள். எனக்குப் பயம், இரவு முழுக்க நித்திரை இல்லாமல் வந்த மனிசன் எரிச்சல்படுவாரோ என்று.

அவர் எரிச்சல்படவில்லை. "அப்படியா பிள்ளை, எனக்குத் தெரியாது, கொஞ்சம் பொறுங்கோ" என்று சீட்டைக் கழற்றித் திருப்பினார். பெல்ட் போகிற வழியில் சிவப்புக் குறியும் நீலக் குறியும் இருக்கும், சிவப்பு முன்னுக்குப் பார்க்க, நீலம் பின்னுக்குப் பார்க்க. போன் லைட்டை அடித்து நீலத்தைத் தேடிப் பிடித்து, சீட்டைக் கையால் அமத்திப் பாரம் கொடுத்து பெல்ட்டை இழுத்தார். பிறகு இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்து, ஆடுது என்று திரும்பவும் அவிழ்த்து இழுத்தார். பிள்ளையை வைத்துப் பட்டி போட்ட பிறகு, தோளுக்கு மேல் பட்டியை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். கிள்ளுப்பட்டால் தளர்வு என்று அர்த்தம். இருபது நிமிசம் போனது. எனக்கு அந்த ஹயரில் காசு கொடுத்தது இந்த இருபது நிமிசத்துக்குத்தான் என்று தோன்றுகிறது, ஏனென்றால் தொளதொளவென்று கட்டிய சீட் இருந்தும் இல்லாத மாதிரித்தான்.

நான் முன்னுக்கு, முழங்கால் டாஷ்போர்டில் முட்ட முட்ட இருந்தேன். பின்னுக்குப் பார்க்கிற சீட் அவ்வளவு இடம் பிடிக்கும், உயரமானவர்கள் முதலே யோசித்துக்கொள்ளுங்கள். இடத்துக்காக அதை முன் சீட்டில் வைக்கலாமே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், எயார்பேக் வெடித்தால் அது நேரே பிள்ளையின் தலைப் பக்கம்தான் அடிக்கும். வழியில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா நிறுத்தினார். சின்னவள் அழத் தொடங்க தங்கச்சி பட்டியைக் கழற்றப் போனாள், கண்ணாடியில் கண்டு உடனே ஓரம் கட்டினார். ஓடும்போது பால் கொடுக்க விடமாட்டார், நின்று கொடுக்கலாம், எவ்வளவு நேரமும் நிற்பார்.

கந்தளாய் தாண்டி தம்பலகாமம் சந்திக்கு முன்னால் ஒரு மாடு குறுக்கே வந்தது. பெரிய வேகம் இல்லை, ஐம்பது இருக்கும். பிரேக் அடித்தார், முட்டவில்லை. தங்கச்சியின் காலடியில் வைத்திருந்த தண்ணீர்ப் போத்தல் என் சீட்டுக்கு அடியால் வந்து என் குதிக்காலில் அடித்தது, சீட்டில் வைத்த பால்மாப் பை கியருக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. அந்தப் பை இரண்டு கிலோவும் வராது. திரும்பிப் பார்த்தேன், சின்னவள் நித்திரை. வாய் பிளந்தபடி, தலை ஒரு பக்கம் சாய்ந்தபடி, அசையவே இல்லை.

இரண்டாம் ஓட்டம் கோணேசர் கோயிலுக்கு. வீட்டு வாசலில் அம்மா முன் சீட்டில் ஏறிப் பேத்தியை மடியில் தா என்று கேட்டா. "உங்களை எல்லாம் மடியில வச்சுத்தானே வளர்த்தம், இந்தா இருக்கிற கோயிலுக்கு என்னத்துக்கு இது?" அண்ணை மரியாதையாகச் சொன்னார், "அம்மா, நீங்க பெல்ட் போடுங்கோ, பிள்ளை அதுக்குள்ள இருக்கட்டும், இல்லாட்டி நான் எடுக்கேலாது." எடுக்கவே இல்லை, எஞ்சினை நிறுத்திவிட்டு நின்றார். ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் போகிற கார் எதிலாவது முட்டி நின்றால் உள்ளே கட்டாமல் இருப்பவருக்கு அது பத்து மீற்றர் உயரத்தில் இருந்து விழுவதற்குச் சமம். அந்தக் கணத்தில் பிள்ளையைப் பிடித்து வைக்கிற பலம் எந்தக் கைக்கும் கிடையாது, அம்மாவின் பாசத்தில் குறை இருப்பதால் அல்ல. பேபி சீட்டால் கைக்குழந்தைகளின் இறப்பு 71 சதவீதம் வரை குறையும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. லண்டனில் கூட டாக்ஸியில் சீட் இல்லாவிட்டால் பிள்ளையைப் பின்னால் ஏற்றலாம் என்று சட்டம் விலக்குக் கொடுத்திருக்கிறது. இந்த மனிசன் யாரும் கேட்காமலே ஹயர் போனாலும் பரவாயில்லை என்று நின்றார்.

கோயில் இருக்கிற கோட்டைக்குள் மான்கள் குறுக்கே வரும் என்று ஊர்ந்துதான் போனார். பூசை முடிந்து வந்தபோது கார் நல்ல வெயிலில் நின்றது. அவர் சீட்டின் மேல் ஒரு வெள்ளைத் துவாய் விரித்திருந்தார், அதை எடுத்துவிட்டுக் கொளுக்கியின் இரும்பைப் புறங்கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் பிள்ளையை வைக்கச் சொன்னார். திருமலை வெயிலில் அந்த இரும்பு பிள்ளையின் தொடையைச் சுடும்.

குறைகள் இருக்கின்றன. சீட் துணியில் பழைய பால் மணம், கழற்றிக் கழுவ வேண்டும். பெரிய குறை, ஆறு வயதுப் பிள்ளைக்குப் போட பூஸ்டர், அதாவது ஆளை உயர்த்தி பெல்ட்டைத் தோளில் சரியாக விழவைக்கிற சீட், இல்லை. பெரியவனுக்கு பெல்ட் கழுத்தில் உரசியது, அவன் அதைக் கக்கத்துக்குக் கீழே போட்டுக்கொள்ளப் பார்த்தான். அது கூடாது, விலாவையும் வயிற்றையும் நசுக்கும். ஆறு மணித்தியாலமும் அவனைக் கண்காணிப்பதே தங்கச்சியின் வேலையாகப் போனது. இன்னொன்று, அந்தக் காரின் பின் சீட்டு மடிப்புக்குள் கை விட்டுப் பார்த்தேன், பேபி சீட்டை பெல்ட் இல்லாமல் நேரே காரில் மாட்டுகிற ஐசோஃபிக்ஸ் வளையங்கள் இருக்கின்றன. ஜப்பானில் 2000 ஆம் ஆண்டில் இருந்து ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குச் சீட் கட்டாயம், அந்த ஊர்க் கார்களில் பலவும் அதற்கு ஆயத்தமாகத்தான் நம் ஊருக்கு வருகின்றன. அதில் கிளிக் என்று மாட்டுகிற சீட் வாங்கினால் இருபது நிமிசம் இரண்டு நிமிசமாகும். சொன்னேன், விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

ஓட்டோவில் இது எதுவும் சாத்தியமில்லை, கட்டுவதற்கு இடமே கிடையாது. பிள்ளையோடு ஹபரணை ரோட்டில் ஓட்டோவில் போகாதீர்கள்.

மூன்றாவது ஓட்டம் திரும்ப விமான நிலையத்துக்கு. வாசலில் கார் வந்து நின்றபோது பின் சீட்டில் புதிதாக ஒரு பூஸ்டர் இருந்தது. பெரியவன் ஏறி இருந்து பெல்ட்டைத் தானே மாட்டினான், தோளின் நடுவால் சரியாகப் போனது. அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. பிடிக்கிறவர்கள் இரண்டு நாள் முன்னமே சொல்லுங்கள், பிள்ளையின் வயதை மட்டுமல்ல, நிறையையும் உயரத்தையும் இப்போது கேட்கிறார்.