பாதி செத்த பேட்டரிகள்: ஒரு கேசட் ரெக்கார்டருடன் பதினோரு வருடம்

வாங்கிய மூன்றாம் நாளே ஒரு டேப்பைத் தின்றது. பாட்டு நடுவில் இழுக்க ஆரம்பித்து, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பாடுவது போல ஆகி, அப்புறம் நின்றே போனது. மூடியைத் திறந்தால் பழுப்பு நாடா சுருள் சுருளாக வெளியே வந்தது. அறுகோணப் பென்சிலைச் சக்கரத்தின் ஓட்டைக்குள் விட்டுச் சுற்றி, ஒருவழியாக உள்ளே தள்ளினேன். அந்த இடம் வரும்போதெல்லாம் பாட்டு இன்றும் ஒரு தடவை விக்குகிறது.

கையடக்கமான பழைய ரெக்கார்டர் இது. இரண்டு பென்சில் பேட்டரி, உள்ளேயே ஒரு மைக், ஹெட்போன் செருக ஒரு துளை, சிவப்பாக ஒரு பதிவுப் பொத்தான். வீட்டில் ஐம்பது கேசட்டுக்கு மேல் சும்மா கிடந்தன, போட்டுக் கேட்க ஒன்றும் இல்லை என்பதற்காகத்தான் வாங்கினேன். யாரோ ஒருவர் கையில் பல வருடம் இருந்த பொருள் என்பது தெரியும். எனக்குப் பிறகும் யாராவது பயன்படுத்துவார்களா என்றால், சந்தேகம்தான்.

முதலில் பெல்ட் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேரை இந்தச் சங்கதிதான் விரட்டுகிறது. மோட்டாரின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோவது மெல்லிய ரப்பர் பெல்ட். அது முதலில் தளரும். தளர்ந்தால் நாடாவைச் சுருட்டிக்கொள்ள வேண்டிய சக்கரம் சரியாகச் சுற்றாது, ஆனால் உருளை நாடாவைத் தள்ளிக்கொண்டே இருக்கும். டேப் தின்னுவது இப்படித்தான். இன்னும் பழசானால் சில பெல்ட்டுகள் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். புது பெல்ட் போடுவது பத்து நிமிட வேலை. அந்தத் தாரை ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பஞ்சுக் குச்சியும் வைத்துச் சுரண்டி எடுப்பது ஒரு நாள் வேலை. பதினோரு வருடத்தில் மூன்று பெல்ட் மாற்றியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேகம் கொஞ்சம் மாறிவிடும். மோட்டாரின் பின்பக்கம் ஒரு சிறு துளைக்குள் திருகு இருக்கிறது. அதைத் திருப்பிச் சரிசெய்யலாம். சரியான வேகம் எது என்று கண்டுபிடிக்க, அதே பாட்டைப் போனிலும் ஓடவிட்டு, இரண்டு பாடகர்களும் ஒன்றாகும் வரை திருகைத் திருப்புவேன். பக்கத்து அறையில் இருப்பவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

ஒலியைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். ஸ்ஸ்ஸ் என்ற இரைச்சல் எப்போதும் இருக்கிறது. அதற்கு நாடாவையும் குறை சொல்ல முடியாது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியபோது பேச்சைப் பதிவுசெய்யும் வேலைதான் மனதில் இருந்தது, இசை அப்புறம்தான் வந்தது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் லூ ஒட்டன்ஸ், கோட்டுப் பையில் நுழைகிற அளவில் ஒரு மரத்துண்டை வெட்டி, கருவி இதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டாராம். அந்தச் சிறுமைக்குக் கொடுத்த விலை: 3.81 மில்லிமீட்டர் அகல நாடா, நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகம். ஸ்டூடியோ நாடாக்கள் நொடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடியவை. நத்தைக்கும் குதிரைக்கும் உள்ள தூரம் அது.

ஆனால் இந்த நத்தையால் பாட்டுகளைத் தாண்ட முடியாது என்பது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. வேகமாக ஓட்டலாம், ஓட்டி நிறுத்தினால் எங்கே நிற்கும் என்று தெரியாது. அதனால் பிடிக்காத பாட்டையும் கேட்டுவிடுவதே சுலபம். இதனால் வந்த வினை ஒன்று உண்டு. வேறு எங்காவது, ஒரு காத்திருப்பு அறையிலோ பேருந்திலோ, என் பழைய கேசட்டில் இருந்த ஒரு பாட்டு முடிந்தால், அடுத்த நொடி கேசட்டில் அதற்குப் பின்னால் இருந்த பாட்டின் முதல் சுரத்துக்கு என் காது தயாராகிவிடுகிறது. வேறு பாட்டு வந்தால் படியில் கால் தவறின மாதிரி இருக்கும். அந்த வரிசைக்கு எந்த அர்த்தமும் கிடையாது. அன்றைக்கு ரேடியோவில் எது முதலில் வந்ததோ அது முதலில் பதிவானது, அவ்வளவுதான். பத்திலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் பிற்காலத்தில் அதிகம் நினைவில் நிற்கின்றன என்று நினைவாற்றலை ஆராய்பவர்கள் சொல்கிறார்கள். என் விஷயத்தில் பாட்டோடு சேர்ந்து வரிசையும் நின்றுவிட்டது, இரண்டு பாட்டுக்கு நடுவே அறிவிப்பாளர் குரல் பாதியில் அறுந்துபோவதும்கூட.

இன்னொரு விசித்திரம். சில கேசட்டுகளில் பாட்டு தொடங்குவதற்கு ஒன்றிரண்டு நொடி முன்பே அதே பாட்டு மிக மெல்லியதாகக் கேட்கிறது. முதல் தடவை கேட்டபோது எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். காரணம் சாதாரணமானது: சுருட்டி வைத்த நாடாவில் ஒரு சுற்றின் காந்தப் பதிவு, ஒட்டியிருக்கும் அடுத்த சுற்றிலும் லேசாகப் படிந்துவிடுகிறது. நாடா மெலிதாக இருந்தால் இது அதிகம்; 90 நிமிட கேசட்டின் நாடா 60 நிமிடத்தினுடையதைவிட மெலிது. பல வருடம் அசையாமல் கிடந்தவற்றில்தான் நான் இதைக் கேட்டிருக்கிறேன். குறைதான். ஆனாலும், வரப்போகும் பாட்டைக் காதோரம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகிற குறையைச் சரிசெய்ய எனக்கு மனம் வரவில்லை. வந்தாலும் வழி இல்லை என்பது வேறு விஷயம்.

இனி பயணம். இந்தக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டு போன இடங்களில் ஒன்றே ஒன்றைச் சொன்னால் போதும்: குரோவேஷியாவின் ஸாடர் நகரத்துக் கடல் ஆர்கன். 2005இல் திறக்கப்பட்டது, வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் நிகோலா பாஷிச். பார்ப்பதற்குக் கடலுக்குள் இறங்கும் வெள்ளைக் கல் படிகள், அவ்வளவே. அடியில் 35 குழாய்கள் இருக்கின்றன. அலை வந்து மோதும்போது குழாய்களுக்குள் காற்று அழுந்தி, படிகளில் உள்ள துளைகள் வழியாக ஒலியாக வெளியே வருகிறது. இசைக் கலைஞர் கிடையாது, மெட்டு கிடையாது. கப்பல் ஒன்று போனால் அதன் அலை வந்து சேரும்போது திடீரென்று எல்லாக் குழாய்களும் ஒன்றாக முனகும்.

படியில் கருவியை வைத்துவிட்டு முப்பது நிமிடம், சைடு ஏ முழுவதும் பதிவுசெய்தேன். அறைக்குத் திரும்பி, புது பேட்டரி போட்டு ஓட்டிப் பார்த்தால் சிரிப்பு வந்துவிட்டது. கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீச்சுக் குரலுக்கு ஏறிக்கொண்டே போகிறது. பக்கத்தில் படிகளை எண்ணிக்கொண்டிருந்த ஒரு குழந்தை அணில் மாதிரிப் பேசுகிறது. பேட்டரி இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. வேகத்தைச் சமமாக வைக்க மோட்டாருக்குள் ஓர் ஏற்பாடு உண்டுதான், ஆனால் மின்னழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் அதுவும் கைவிட்டுவிடும். நாடா மெதுவாக நகர்ந்தபோது பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறத்தான் செய்யும்.

வேகம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய நினைவுச்சின்னம் அமெரிக்காவில் ஒன்று இருக்கிறது. கலிஃபோர்னியாவின் லங்காஸ்டரில் 2008இல் சாலையில் பள்ளங்கள் வெட்டி, கார் அதன் மேல் ஓடும்போது இசையமைப்பாளர் ரோசினியின் வில்லியம் டெல் ஓபராவின் முன்னிசை ஒலிக்குமாறு செய்தார்கள். டென்மார்க்கில் 1995இலேயே இப்படி ஒன்று வந்துவிட்டது. தத்துவம் கேசட்டேதான்: சாலை நாடா, கார் டயர் அந்த நாடாவைப் படிக்கும் ஹெட். ஆனால் லங்காஸ்டரில் பள்ளங்களின் இடைவெளி பிசகிவிட்டது. எவ்வளவு ஒழுங்காக ஓட்டினாலும் மெட்டு சுருதி சேராமல் வரும். வீடியோவில்தான் பார்த்திருக்கிறேன். தாளம் கச்சிதம், சுரங்கள் மட்டும் ஆளுக்கொரு பக்கம். நேரில் போய்க் கேட்க வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை இருக்கிறது. மறுபக்கம், அவசரமே இல்லாத ஒன்று ஜெர்மனியின் ஹல்பர்ஷ்டாட்டில் ஒரு பழைய தேவாலயத்தில் நடக்கிறது. முடிந்தவரை மெதுவாக வாசிக்கச் சொன்ன அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் ஆர்கன் படைப்பை 2001இல் தொடங்கியிருக்கிறார்கள், 2640இல் முடியும். 2024 பிப்ரவரியில் ஒரு சுரக்கூட்டு மாறியதைக் கேட்கக் கூட்டம் கூடியது. அங்கே என் சைடு ஏ முழுவதும் ஒரே ஒலிதான் பதிவாகும். பேட்டரி இறங்கியிருந்தால் அதுவாவது நகரும்.

மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பேனா? பாட்டு கேட்க வேண்டும் என்றால் வேண்டாம். கையில் பழைய கேசட் இருக்கிறது, அதில் வீட்டு மனிதர்களின் குரல் இருக்கிறது என்றால் வாங்குங்கள், ஆனால் முதல் வேலையாக அந்தக் குரலைக் கணினிக்கு மாற்றிவிடுங்கள். டேப் தின்னும் கருவி ஆள் பார்த்துத் தின்னாது. மாற்றும் முன் ஹெட்டைத் துடைத்துவிட்டு, முக்கியமில்லாத ஒரு கேசட்டை முழுவதும் ஓட்டிப் பாருங்கள். கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தட்டுகளையும் உடைத்துவிட்டால் தப்பித்தவறி மேலே பதிவாகாது. நான் இதைத் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். ஒரு கேசட்டில் இருபது நிமிடம் வெறும் மின்விசிறிச் சத்தம் இருக்கிறது.

ஸாடர் பதிவைக் கணினியில் வேகம் மாற்றிச் சரிசெய்யப் பார்த்தேன். தொடக்கத்தைச் சரிசெய்தால் முடிவு தவறுகிறது, முடிவைச் சரிசெய்தால் தொடக்கம் இழுக்கிறது. கடைசியில் வேறு வழி கண்டுபிடித்தேன்: சாகப்போகிற பேட்டரி போட்டுக் கேட்பது. தொடக்கத்தில் ஓரளவு தெம்பிருந்து, முப்பது நிமிடத்தில் அன்றைக்கு இறங்கியது போலவே இறங்குகிற ஒரு ஜோடி கிடைத்தால், அந்தக் குழந்தை சாதாரணக் குரலில் எண்ணும். ரீசார்ஜ் பேட்டரி இதற்கு ஆகாது, கடைசிவரை ஒரே சீராக இருந்துவிட்டுத் திடீரென்று விழுந்துவிடும். அதனால் கடிகாரத்திலிருந்தும் டிவி ரிமோட்டிலிருந்தும் கழற்றிய பழைய பேட்டரிகளை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறேன். மேலே 'கடல்' என்று எழுதியிருக்கிறது. இதுவரை இரண்டு ஜோடி ஏறக்குறையப் பொருந்தின. பதினான்காவது படி வரை சரியாக வந்தது.